பழைய மின்சாரக் காரை நேரில் விற்பது

தோட்டத்து வீடுகளில் இருக்கும் நமக்கு மின்சாரக் காரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். நம் பிள்ளைகள் பலர் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். சிலர் அங்கேயே குடியேறிக் காரும் வாங்கிவிட்டார்கள். அந்தக் காரை விற்கும் நாளில் நம்மிடமும் யோசனை கேட்பார்கள்.

காத்தோங்கை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம் உள்ள சிலோன் ரோடு அங்கேதான் இருக்கிறது. 2024 ஜூன் 23-ஆம் தேதி அந்த வட்டாரத்தில் தஞ்சோங் காத்தோங், மரின் பரேட் முதலிய எம்.ஆர்.டி. நிலையங்கள் திறக்கப்பட்டன. வாசலுக்கு அருகில் ரயில் வந்தபின், காரை விற்றுவிடலாமே என்று ஒரு குடும்பம் நினைப்பது இயல்புதான். வியாபாரியிடம் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அவர் தம் லாபத்தைக் கழித்துக்கொண்டே விலை சொல்வார். நேரில் விற்றால் அதில் ஒரு பகுதி நம் கையில் நிற்கும். அதற்குப் பொறுமை வேண்டும்.

சிங்கப்பூரில் 1990 முதல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை இருக்கிறது. அதன் ஆயுள் 10 ஆண்டு. 2021-இல் பதிந்த காருக்கு 2031 வரை உரிமை. அதற்கு மேல் ஓட்டப் புதிதாகப் பணம் கட்ட வேண்டும். ஆகவே வாங்குகிறவர் முதலில் கேட்பது, "இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது?" என்பதுதான். காரை எவ்வளவு பளபளப்பாகத் துடைத்து வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அடுத்தது பேட்டரி. மின்சாரக் காரின் உயிர் அதில்தான் இருக்கிறது. வெயிலும், அடிக்கடி செய்யும் வேகச் சார்ஜும், முழுச் சார்ஜுடன் நாள்கணக்கில் நிறுத்தி வைப்பதும் அதைத் தளர்த்தும். (சில வகைப் பேட்டரிகளை அவ்வப்போது முழுமையாகச் சார்ஜ் செய்யும்படி தயாரிப்பாளரே சொல்வதுண்டு, கையேட்டைப் பார்க்க வேண்டும்.) பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. அதில் மீதி எவ்வளவு, அது புதிய உரிமையாளருக்கும் செல்லுமா என்பதை எழுத்தில் காட்ட வேண்டும். நன்றாக வைத்திருந்தேன் என்று வாயால் சொன்னால் யாரும் கூடுதலாகத் தரமாட்டார்கள். பேட்டரிச் சோதனை அறிக்கையும் சர்வீஸ் ரசீதுகளும் இருந்தால் தருவார்கள். டயர் தேய்ந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லலாம். மின்சாரக் கார் கனமானது, டயர் சீக்கிரம் தேயும் என்பது வாங்குகிறவருக்கும் தெரியும்.

பணமும் பெயரும் கைமாறும் இடத்தில்தான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. கடன் பாக்கி இருந்தால் அதை முதலில் தீர்க்க வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையச் சேவையில் விற்பவர், வாங்குபவர் இருவருமே சிங்பாஸ் மூலம் ஒப்புக்கொண்டு பெயர் மாற்ற வேண்டும். வாங்குபவரிடம் காப்புறுதியும் தயாராக இருக்க வேண்டும். பணம் வங்கிக் கணக்கில் ஏறியதை நாமே பார்க்காமல் சாவியைத் தரக்கூடாது.

நம் பக்கத்தில் 'சம்போங் பாயார்' என்று ஒரு வழக்கம் உண்டு. தவணை முடியாத வண்டியை இன்னொருவரிடம் கொடுத்து, "மீதியை நீ கட்டிக்கொள்" என்று விட்டுவிடுவது. கடன் கொடுத்தவரின் சம்மதமில்லாமல் இப்படிச் செய்வது சட்ட விரோதம். அவர் கட்டாவிட்டால் வங்கி நம் வீட்டுக் கதவைத்தான் தட்டும்; அவர் வாங்கும் அபராதச் சீட்டும் நம் பெயருக்கே வரும். மோட்டார் சைக்கிளானாலும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாற்றாமல் விடக்கூடாது.

மின்சாரக் காரில் இன்னொரு வேலையும் உண்டு. பல கார்களைக் கைபேசியிலிருந்தே திறக்கலாம், எங்கே நிற்கிறது என்றும் பார்க்கலாம். விற்கிறவர் தம் கணக்கை நீக்கி, காரில் பதிந்த வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்களையும் அழித்துவிட்டு, புதியவரின் கைபேசியில் இணைப்பு வேலை செய்கிறதா என்று நின்று பார்த்துவிட்டு வர வேண்டும்.