ஒரு பெர்த்துக்கு மூன்று பேர்

தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரே ஒரு பெர்த் மிச்சம். வீட்டிலிருந்து கைப்பேசியில் நீங்கள், தாம்பரம் கவுன்ட்டரில் ஒரு பெரியவர், மும்பையில் ஒரு திருநெல்வேலிக்காரர் என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் அதைக் கேட்கிறீர்கள். அது யாருக்குப் போகும்?

அந்தக் காலத்தில் இதைத் தீர்த்துவைத்தது ஒரு தடித்த பேரேடு. ரயிலுக்கும் தேதிக்கும் தனித்தனிப் பக்கம். எழுத்தர் கையில் பேனா இருக்கும்வரை வேறு யாரும் அதில் எழுத முடியாது. ஆனால், திரும்பி வரவும் டிக்கெட் வேண்டுமென்றால் அந்த ஊர்ப் பேரேட்டுக்குத் தந்தி போக வேண்டும். பதில் வரும்வரை மனசு ஒரு நிலையில் இருக்காது.

1985-இல் புது டெல்லியில் ரயில்வே இந்தப் பேரேட்டைக் கணினிக்குள் ஏற்றத் தொடங்கியது. மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் மையங்களும் வந்தன. ஆனால் சென்னைக் கணினி கேட்டால் டெல்லிக் கணினிக்குக் காது கேட்காது! 1999-இல் ஐந்தையும் பிணைத்த பிறகுதான் எந்த ஊர் கவுன்ட்டரிலிருந்தும் எந்த ரயிலுக்கும் இடம் கேட்க முடிந்தது. 2002-இல் இணையத்திலும் டிக்கெட் வந்தது.

இனி நம் பெர்த்துக்கு வருவோம். நீங்கள் பொத்தானை அழுத்தியதும் உங்கள் கோரிக்கை சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது. ஒவ்வொன்றின் மேலும் விலாசமும் வரிசை எண்ணும் உண்டு. வழியில் ஒன்று தொலைந்தால் அதை மட்டும் மறுபடி அனுப்புவார்கள். மறுமுனையில் ரயில்வேயின் சேவையகம் பழைய எழுத்தரின் வேலையையே செய்கிறது. ஒரு கோரிக்கையை எடுத்ததும் அந்தப் பெர்த்துக்குப் பூட்டுப் போடும், பெயரை எழுதும், பிறகுதான் பூட்டைத் திறக்கும். இந்தப் பூட்டு இல்லாவிட்டால் ஒரே பெர்த்தில் மூன்று பேர் பெட்டியோடு வந்து நிற்பார்கள். கணினி செய்யும் வேலைகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

ஆனால் திரையில் "இடம் உண்டு" என்று தெரிவது அந்த நொடியின் நிலவரம் மட்டுமே. உங்களுக்கென்று யாரும் பிடித்து வைக்கவில்லை. நீங்கள் ஓடிபி தட்டிக்கொண்டிருக்கும்போது பெரியவர் கவுன்ட்டரில் ரொக்கத்தைக் கொடுத்து வாங்கிவிடுவார்.

எனக்கே ஒருமுறை பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்தது, டிக்கெட் வரவில்லை. நெஞ்சு பதறிவிட்டது. வங்கிக்கு ஒரு பேரேடு, ரயில்வேக்கு ஒரு பேரேடு. வங்கி பற்று எழுதிவிட்டது. அந்தச் செய்தி மறுமுனைக்குப் போய்ச் சேருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. பிறகு இரண்டு கணக்கையும் ஒத்துப்பார்த்து, நம் கடைக்காரர்கள் சொல்வதுபோல் "டேலி" பண்ணி, பணத்தைத் திருப்பிப் போட்டார்கள்.

உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் உடனே மறுபடி பணம் கட்டாதீர்கள். முதலில் உங்கள் கணக்கில் முன்பதிவுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். சில சமயம் டிக்கெட் பதிவாகியிருக்கும். அந்தச் செய்திதான் உங்களிடம் வந்து சேர்ந்திருக்காது.