டெஸ்க்டாப் சூடானா முதல்ல கடிகாரத்தைப் பாருங்க

ஏப்ரல், மே வந்தாலே நம்ம இன்பாக்ஸ்ல ஒரே கேள்வி வேற வேற வேஷத்துல வரும். "கேம் ஆடிட்டு இருக்கும்போது டப்புன்னு ஆஃப் ஆகுது." "வீடியோ எக்ஸ்போர்ட் போட்டா ஃபேன் ஏரோப்ளேன் மாதிரி கத்துது." "90 டிகிரி காட்டுது, ப்ராசசர் போயிடுமா?" கடைசியில மறக்காம இன்னொரு வரியும் இருக்கும்: "லிக்விட் கூலர் வாங்கட்டுமா ப்ரோ?"

வாங்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் செலவு பண்ணுங்க. இந்த எபிசோடுல நான் சொல்லப்போறது ஒரே ஒரு விஷயம்தான். எத்தனை டிகிரி போகுதுங்கிறதை விட, எவ்வளவு நேரத்துல அந்த டிகிரிக்குப் போகுதுங்கிறது உங்களுக்கு நிறைய சொல்லும்.

முதல்ல ஒரு வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துடுவோம். நம்ம ஊர்ல மொத்தப் பெட்டியையும் 'சிபியு'ன்னு சொல்லுவோம். இன்னைக்குப் பெட்டியைக் 'கேபினெட்'னு சொல்றேன். உள்ள இருக்கிற சிப்பை 'ப்ராசசர்'னு சொல்றேன்.

ப்ராசசர் எடுத்துக்கிற கரண்ட் அத்தனையும் கடைசியில வெப்பமாத்தான் வெளிய வருது. 65 வாட் எடுத்தா 65 வாட் வெப்பம். அது வெளிய போக ஒரு பாதை இருக்கு. சிப்ல இருந்து பேஸ்ட், பேஸ்ட்ல இருந்து ஹீட்சிங்க்னு சொல்ற அந்த அலுமினியக் கட்டி, அதுல இருந்து ஃபேன் தள்ளுற காத்து, கேபினெட்ல இருந்து ரூமுக்கு. ரிலே ரேஸ் மாதிரி, ஒருத்தர் கையில இருந்து அடுத்தவர் கைக்குப் போகணும். எந்த இடத்துல கை மாறாம நிக்குதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் நம்ம வேலை.

இதை ஒரு நிஜக் கதையோட சொல்றேன். என் பெரியப்பா பொண்ணு, மதுரையில இருக்காங்க. வீட்டுல இருந்தே கல்யாண ஆல்பம் டிசைன், சின்னச் சின்ன வீடியோ எடிட்டிங் பண்றாங்க. வைகாசி முகூர்த்தம் வரிசையா இருக்கு, ரெண்டு கல்யாணத்துக்கு அட்வான்ஸும் வாங்கியாச்சு. அந்த நேரம் பார்த்து சிஸ்டம் எக்ஸ்போர்ட் பாதியில ஆஃப் ஆக ஆரம்பிச்சுது. சில தடவை 5 நிமிஷம், சில தடவை 10 நிமிஷம். பக்கத்துல ஒரு சர்வீஸ் கடையில பார்த்துட்டு, "போர்டு போச்சும்மா, போர்டும் ப்ராசசரும் மாத்தணும், 24,000 ஆகும்"னு சொல்லிட்டாங்க. வாங்கின அட்வான்ஸ் மொத்தமே அவ்வளவு இல்ல. ராத்திரி 10 மணிக்கு எனக்கு வீடியோ கால். "தம்பி, உண்மையிலேயே போயிடுச்சாடா?"

பார்க்காம எதுவும் சொல்ல முடியாது. அதனால முதல்ல கேட்ட கேள்வி: இது வெப்பப் பிரச்சினைதானா?

ஏன்னா லோடு ஏறும்போது ஆஃப் ஆகுறதெல்லாம் வெப்பம் இல்ல. நம்ம வீடுகள்ல டெஸ்க்டாப் பெரும்பாலும் ஒரு யூபிஎஸ் வழியாத்தான் ஓடும். 600 விஏ யூபிஎஸ்னு எழுதியிருக்கும், ஆனா அது தாங்குறது சுமார் 360 வாட்தான். கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் எல்லாம் சேர்ந்து முழு வேகத்துல இழுத்தா, பழைய பேட்டரி இருக்கிற யூபிஎஸ் கைவிட்டுடும். அதனால சோதனைக்கு மட்டும் யூபிஎஸ்ஸைக் கழட்டிட்டு நேரா சுவர் பிளக்ல போடுங்க. அப்ப ஆஃப் ஆகலைன்னா உங்க பிரச்சினை யூபிஎஸ், ப்ராசசர் இல்ல.

அக்கா வீட்டுல சுவர் பிளக்லயும் ஆஃப் ஆச்சு. அதோட, ஆஃப் ஆகுறதுக்கு முன்னாடி சிஸ்டம் ரொம்ப ஸ்லோ ஆகுதுன்னு சொன்னாங்க. அது நல்ல துப்பு. ப்ராசசருக்குத் தன்னைக் காப்பாத்திக்கத் தெரியும். எல்லையைத் தொட்டதும் முதல்ல தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். அதுக்குப் பேர் த்ராட்லிங். வேகத்தைக் குறைச்சும் சூடு அடங்கலைன்னாதான் மொத்தமா ஆஃப் ஆகும். அதாவது, "ப்ராசசர் எரிஞ்சு போயிடுமா"ன்னு பயப்படுறவங்களுக்கு, ஆஃப் ஆகுறதே அது எரியாம இருக்கத்தான். அக்கா சிஸ்டத்துல இருந்தது இன்டெல் ஐ5-10400. அதோட எல்லை 100 டிகிரி.

அடுத்தது அளவு. விண்டோஸ் டாஸ்க் மேனேஜர்ல கிராபிக்ஸ் கார்டு வெப்பம் தெரியும், ப்ராசசர் வெப்பம் தெரியாது. அதுக்கு ஹெச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி ஒரு இலவச மென்பொருள் போதும். லினக்ஸ்னா 'சென்சார்ஸ்' கமாண்ட். லோடு குடுக்க சினிபெஞ்ச் ஓட விடலாம், இல்ல வழக்கமா போடுற எக்ஸ்போர்ட்டையே போடலாம். கையில போன்ல ஸ்டாப்வாட்ச் வெச்சுக்குங்க. இங்கதான் கடிகாரம் வருது.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம், பயப்படாதீங்க, ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ்தான். ஹீட்சிங்க்ல 300 கிராம் அலுமினியம் இருக்குன்னு வெச்சுக்குவோம். ஒரு கிராம் அலுமினியம் ஒரு டிகிரி சூடாக சுமார் 0.9 ஜூல் வேணும். அப்ப மொத்தக் கட்டியும் ஒரு டிகிரி ஏற 270 ஜூல். 65 வாட்னா விநாடிக்கு 65 ஜூல். அப்ப ஃபேன் சுத்தமா நின்னு போனாலும், அந்தக் கட்டி ஒரு டிகிரி ஏற 4 விநாடி ஆகும். 40 டிகிரி ஏற ரெண்டரை நிமிஷத்துக்கு மேல. டர்போ வேகத்துல ரெண்டு மடங்கு வாட் போனாலும் ஒரு நிமிஷமாவது ஆகணும்.

இதுல இருந்து மூணு கடிகாரம் கிடைக்குது.

லோடு குடுத்த 2, 3 விநாடியிலேயே எல்லையைத் தொட்டா, வெப்பம் அலுமினியத்துக்கே போய்ச் சேரலைன்னு அர்த்தம். பேஸ்ட் காஞ்சிருக்கணும், இல்ல கூலர் சரியா உட்காரலை. நல்லா இருக்கிற சிஸ்டத்துலயும் லோடு குடுத்ததும் 20 டிகிரி போல சட்டுன்னு எகிறும், அது இயல்பு. எல்லை வரைக்கும் எகிறுறதுதான் தப்பு.

சில நிமிஷத்துல ஏறினா, அலுமினியம் வரைக்கும் வெப்பம் வந்துடுச்சு, அதுக்கு மேல போகலை. ஃபேன் நின்னிருக்கும், மெதுவா சுத்தும், இல்ல தகடுகளுக்கு நடுவுல தூசி கம்பளி மாதிரி அடைச்சிருக்கும்.

15, 20 நிமிஷம் கழிச்சு மெதுமெதுவா ஏறினா, ஹீட்சிங்க் தன் வேலையைச் சரியாப் பண்ணுது, கேபினெட்டுக்குள்ள காத்து தேங்குது.

அக்கா எக்ஸ்போர்ட் போட்டாங்க. ரூம் 34 டிகிரி. சும்மா இருக்கும்போதே 61 காட்டுச்சு. எக்ஸ்போர்ட் ஆரம்பிச்ச மூணாவது விநாடி 99. 4 கிகாஹெர்ட்ஸ்ல ஓடிட்டு இருந்தது 2-க்குக் கீழ இறங்கிடுச்சு. "அக்கா, இந்தச் சிஸ்டத்தை சமீபத்துல எங்கயாவது தூக்கிட்டுப் போனீங்களா?"ன்னு கேட்டேன். பங்குனியில வீடு மாத்தியிருக்காங்க, குட்டி யானையில மூட்டைக்கு நடுவுல கேபினெட்டைப் படுக்க வெச்சுக் கொண்டுவந்தாங்களாம்.

ப்ராசசரோட பெட்டியிலேயே வர்ற இன்டெல் கூலர்ல ஸ்க்ரூ கிடையாது. நாலு மூலையிலும் அழுத்திப் பூட்டுற பிளாஸ்டிக் பின்தான். அதுல ஒண்ணு மேல வந்தாலே போதும், கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கும். அந்த மெல்லிய இடைவெளியில காத்து புகுந்துக்கும். அலுமினியம் காத்தை விடப் பல ஆயிரம் மடங்கு நல்லா வெப்பத்தைக் கடத்தும். அதனால ஒரு முடி அளவு இடைவெளி கூட சுவர் மாதிரிதான். பிளக்கைப் பிடுங்கிட்டு சைடு மூடியைத் திறக்கச் சொன்னேன். அக்கா பையன் ப்ளஸ் ஒன் படிக்கிறான், டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு அவன்தான் முதல்ல சொன்னான்: "மாமா, ஒரு காலு மட்டும் மேல தூக்கிட்டு நிக்குது."

இந்த இடத்துல அப்படியே அமுக்கி விட்டுடலாம்னு தோணும். வேணாம். ஒரு தடவை தூக்கின கூலர்ல பேஸ்ட்டுக்குள்ள காத்து போயிருக்கும். கழட்டி, பழைய பேஸ்ட்டைத் துடைச்சு, புதுசு வெச்சு மாட்டணும். மறுநாள் மொபைல் சர்வீஸ் கடையில ஐபிஏன்னு கேட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கினாங்க, கூட ஒரு பேஸ்ட் டியூப். மொத்தமே சில நூறு ரூபாய். ஒரு பட்டாணி அளவு பேஸ்ட் நடுவுல போதும். இட்லிக்குச் சட்னி மாதிரி வழிய வழிய வைக்கக் கூடாது. நாலு பின்னையும் குறுக்கு மூலையா அழுத்தணும். ஒவ்வொண்ணும் 'டக்'னு சத்தம் குடுக்கும். அப்புறம் கூலரை லேசா ஆட்டிப் பாருங்க, ஆடக் கூடாது.

ஏஎம்டி ரைசன் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஏஎம்4 சாக்கெட்டுல கூலரை நேரா இழுத்தா, காஞ்ச பேஸ்ட்டோட ப்ராசசரும் சேர்ந்து பிடுங்கிட்டு வரும், அடியில இருக்கிற பின் வளையும். கழட்டுறதுக்கு முன்னாடி சிஸ்டத்தைக் கொஞ்ச நேரம் ஓட விட்டுச் சூடாக்கி, ஆஃப் பண்ணிட்டு, கூலரை இடமும் வலமுமா லேசாத் திருகி எடுங்க.

இப்ப மறுபடியும் அதே எக்ஸ்போர்ட். மூணாவது விநாடி 63. அக்கா கைதட்டிட்டாங்க. நான் சொன்னேன், 20 நிமிஷம் பொறுங்க. 20-வது நிமிஷம் 86. ஆஃப் ஆகலை, ஆனா மூணாவது கடிகாரம் ஓடிட்டு இருக்குன்னு தெரிஞ்சுது. கேமராவைத் திருப்பச் சொன்னா, கேபினெட் கம்ப்யூட்டர் டேபிளோட அந்த மூடின அறைக்குள்ள, பின்பக்கம் சுவத்தோட ஒட்டி இருக்கு. தான் வெளிய தள்ளின சூடான காத்தையே திரும்ப உள்ள இழுத்துட்டு இருக்கு. வெளிய எடுத்துத் தரையில ஒரு சின்னப் பலகை மேல, சுவத்துல இருந்து ஒரு ஜாண் தள்ளி வெச்சாங்க. அதே எக்ஸ்போர்ட், அதே 20 நிமிஷம், 77. இதுக்கு ஒரு ரூபாய் கூடச் செலவில்ல.

கடைக்காரரைத் திட்ட இந்தக் கதையைச் சொல்லலை. ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பார்க்க அவருக்கு நேரம் இருந்திருக்காது. உங்களுக்கு இருக்கு, அது உங்க சிஸ்டம்.

ரெண்டாவது கடிகாரம், அதாவது தூசி, நம்ம வீடுகள்ல ரொம்ப சகஜம். தாளிப்புப் புகை, ஊதுபத்தி, கொசுவர்த்தி எல்லாம் சேர்ந்து தூசியைப் பிசுபிசுன்னு ஒட்ட வைக்கும். ப்ளோயர் வெச்சு ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்குங்க. வேகமாச் சுத்த விட்டா பேரிங் கெடும். பவர் சப்ளையை வெளியில இருந்து ஊதினாப் போதும், அந்தப் பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள இருக்கிற கெப்பாசிட்டர்ல கரண்ட் தங்கியிருக்கும்.

இன்னொரு விஷயம். வெளிநாட்டு யூடியூபர் 65 டிகிரி காட்டினா நம்மதும் 65 வரணும்னு இல்ல. அவர் ரூம் 21, நம்ம ரூம் 34. அந்த 13 டிகிரி அப்படியே மேல சேரும். அதனால எப்பவும் ரூம் வெப்பத்தைக் கழிச்சுட்டு ஒப்பிடுங்க. மாடலையும் பாருங்க. ரைசன் 7000 வரிசையில சில ப்ராசசர்கள் முழு லோடுல 95 டிகிரி வரைக்கும் போற மாதிரியேதான் வடிவமைச்சிருக்காங்க. அதுல 95 மட்டும் பார்த்துட்டுப் பதறாதீங்க.

எல்லாம் பார்த்தாச்சு, வெப்பம் 70-லயே நிக்குது, ஆனாலும் ஆஃப் ஆகுதுன்னா? அப்ப பவர் சப்ளை, ரேம், போர்டுன்னு தேடுங்க. அப்ப கடைக்குப் போறது நியாயம்தான். போகும்போது உங்க அளவுகளை எழுதி எடுத்துட்டுப் போங்க, பேச்சே வேற மாதிரி இருக்கும்.

இந்த வார வீட்டுப்பாடம். சிஸ்டம் நல்லா இருக்கும்போதே நாலு எண் எடுங்க: ரூம் வெப்பம், சும்மா இருக்கும்போது, லோடு குடுத்து 3 விநாடியில, 20 நிமிஷத்துல. ஒரு பேப்பர்ல தேதியோட எழுதி கேபினெட் பக்கவாட்டுல செல்லோடேப் போட்டு ஒட்டுங்க. அடுத்த வருஷம் மே மாசம் ஃபேன் கத்த ஆரம்பிக்கும்போது, எங்க தேடணும்னு அந்தப் பேப்பர் சொல்லும். உங்க நாலு எண்ணையும் எனக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பேசுவோம்.