தீர்த்தக் கரையில் நம் கடமை
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



ஆடி அமாவாசை அண்மிக்கும்போது நம்மவர் கண்கள் கடலை நோக்குகின்றன. கீரிமலையிலும் திருக்கோணேச்சரத்திலும் திருக்கோவிலிலும் பிதிர்கடன் செலுத்தி நீராடுவோர் தொகை பெரிது. புரட்டாதியில் வல்லிபுரத்து ஆழ்வாரின் சமுத்திர தீர்த்தத்திற்கோ வடமராட்சியே மணலில் இறங்கிவிடும். இக் கூட்டங்களில் தண்ணீர்ப்பந்தல் வைக்கவும் ஒழுங்கு பார்க்கவும் இளைஞராகிய நாம் முந்துகின்றோம். ஆயின், நீரில் இறங்கியவரைக் காக்க நாம் கற்றது என்ன? இவ் வினாவை எழுப்பியது சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒன்று. பிழை நம்முடையதாதலின் அதனை ஒளிக்காது சொல்லுகின்றோம்.

கிழக்குக் கரையிலே ஒரு தீர்த்தத் திருவிழா. பெண்களும் பிள்ளைகளும் நீராட இடம் குறித்துக் கொடுக்கும் பணி நம்மிடம் வந்தது. இரு மருங்கும் அலை உடைந்து நுரைத்தது. நடுவே 15 மீற்றர் அகலத்துக்குக் கடல் குளம்போலக் கிடந்தது. அவ்விடத்தையே தெரிந்து கொடி நாட்டினோம். அரை மணி நேரம் செல்லவில்லை. சிறுவன் ஒருவன் கையை உயர்த்தியபடி வெளிக்கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். நீந்தத் தெரிந்த நம் தொண்டர் ஒருவர் உடுத்த வேட்டியுடனே பாய்ந்தார். சற்றைக்கெல்லாம் அமிழ்ந்தெழுவது இரண்டு தலைகளாயின. கரைவலைக்காரர் தோணியைத் தள்ளிச் சென்றிராவிடின் இன்று இம் மேடையில் இப் பேச்சு நிகழ்ந்திராது.

இருவரையும் கரையேற்றிய பின் அவர்களுள் முதியவர் ஒருவர் நம்மைப் பார்த்து, "தம்பிமாரே, அலை உடையாத இடத்தாலதான் கடல் வெளிய போகுது. அதுக்குள்ளேயா சனத்த இறக்கினீங்க?" என்றார். வைதிருந்தாற்கூட அவ்வளவு சுட்டிராது.

பின்னர் நூல்களிற் பார்த்தபோது அவர் கூற்றே அங்கும் இருந்தது. அலைகள் கரையில் ஏற்றிய நீர் திரும்பியாக வேண்டும். நீருள் மறைந்துள்ள மணல்திட்டுகளுக்கிடையே ஆழமான வாய்க்கால் ஒன்று அகப்படின், அந் நீர் அதனூடே திரண்டு வெளியேறும். அங்கே ஆழம் மிகுதியாதலின் அலை உடைவதில்லை. நீர் சற்றுக் கருத்தோ கலங்கியோ தோன்றும். நுரையும் பாசியும் கடலை நோக்கி நகரும். இவ் வோட்டம் சில வேளை விநாடிக்கு 2 மீற்றருக்கு மேலும் விரையும். ஒலிம்பிக் வீரரும் எதிர்த்து நீந்தி வெல்ல முடியாத வேகம் அது.

வாடைக் காற்று வீசும் மாதங்களிற் கடலின் முரட்டுத்தனம் யாவர்க்கும் தெரியும், ஒருவரும் இறங்கார். ஆடியிலோ கிழக்குக் கடல் சாந்தமாகத் தோன்றும். எனினும் தெற்கே நெடுந்தொலைவில் எழுந்த அலைகள் அக்காலத்திலும் வந்துகொண்டே இருக்கின்றன. அறுகங்குடாவுக்கு அலைச்சறுக்கு விளையாட உலகத்தார் வருவது இம் மாதங்களிலன்றோ! 2004 மார்கழி 26இன் பேரலையை நாம் மறக்கவில்லை; ஆனால் இங்கே பேசுவது வெயில் எறிக்கும் சாதாரண நாளின் கடலைப் பற்றியே.

இவ் வோட்டம் மனிதரை அடியில் இழுப்பதில்லை. கரையிலிருந்து விலக்கி, பெரும்பாலும் அலை உடையும் எல்லைக்கப்பால் வலியிழந்துவிடும். கொல்வது, கரையையே குறித்து எதிர்நீச்சல் அடிப்பதால் வரும் களைப்பு. ஆதலின் அகப்பட்டவர் மல்லாந்து மிதந்து, கையுயர்த்திக் கூப்பிடுதல் வேண்டும். இயலுமாயின் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி ஓட்டத்தை விட்டு விலகி, அலை உடையும் இடத்தாற் கரை சேரலாம். நனைந்த சேலையும் வேட்டியும் காலைப் பிணிக்கும் என்பதையும் தாய்மார் நினைவிற் கொள்க.

தீர்த்த நாளிற் கடல் ஒருவரையும் தீண்டாது என்று பெரியோர் சிலர் சொல்வதுண்டு. அவர்தம் பத்தியை வணங்குகின்றோம். கல்லோடு கடலிலே இடப்பட்ட அப்பர் சுவாமிகள் மிதந்தார். அந்த நிலை நமக்கு வாய்க்கவில்லை, கயிறு வாங்க வாய்ப்பிருக்கின்றது.

தொண்டர்க்கு ஒன்று: பாயாதீர். கயிறு, ரயர் ரியூப், மூடி இறுக்கிய வெறும் பிளாத்திக்குக் கலன், எது கைக்கெட்டுகிறதோ அதனை எறியுங்கள். கரை சேர்ந்தவருக்கு மூச்சில்லையாயின் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டா. வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, நெஞ்சை அழுத்துக. உடனே 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். செய்முறையை முறையாகப் பயின்றே கரைக்கு வருதல் நலம்.

இவ் வாண்டு இடம் குறிக்கும் பொறுப்பை ஏற்குமாறு அம் முதியவரையே வேண்டினோம். விடியற்காலையில் வந்து கடலைப் பார்த்துச் சொல்வதாக உடன்பட்டார். கைம்மாறு வேண்டாமென்றார். நிபந்தனை ஒன்றுமட்டும் விதித்தார்: சனம் நீரில் நிற்கும் நேரம் ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும், கூப்பிடுகிற சத்தம் கரைக்குக் கேட்க வேண்டும் என்று. ஒலிபெருக்கிக்குப் பொறுப்பான அன்பர் இச் சபையில்தான் இருக்கின்றார். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.