இசைவு என்னும் சொல்



சிட்லபாக்கம், செம்பாக்கம், பீர்க்கன்காரணை என ஏரிகளை ஒட்டி வளர்ந்தவை தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்கள். நீர் தேங்கினால் ஊர் தழைக்கும் என்பது ஏரிக்கரை மக்களின் பட்டறிவு. மலைக்காட்டில் பேரணை எழும்போதோ, நீர் தேங்கும் இடத்தில் ஊரே இல்லாது போகிறது. அங்கு வாழ்வோரின் இசைவு கேட்கப்பட்டதா என்பதே இங்கு எழும் வினா.

ஆனைமலையின் தொல்குடிகள் காடர், மலசர், முதுவர். அம்மலையின் ஆறுகளை அணைகளாலும் சுரங்கங்களாலும் இணைத்துக் கிழக்கே திருப்பியது பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம். கொங்கு நாட்டின் வறண்ட நிலங்கள் அந்நீரால் விளைந்தன, அந்நன்மையை மறுப்பதற்கில்லை. தமிழ்நாடும் கேரளமும் 1970 மே 29 அன்று இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1958 நவம்பர் 9 முதலே அது செல்லும் எனவும் வகுத்துக்கொண்டன. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு நீர் என்பது அதில் உண்டு. கையெழுத்திட்ட தரப்பினருள் மலைவாழ் மக்கள் இல்லை.

அதே மலைத்தொடரின் மேற்கே, சாலக்குடி ஆற்றில் 163 மெகாவாட் திறனுள்ள அதிரப்பள்ளி நீர்மின் திட்டம் வகுக்கப்பட்டது. வாழச்சால் காடர்கள் அதனை எதிர்த்தனர். அதன் சுற்றுச்சூழல் அனுமதியைக் கேரள உயர்நீதிமன்றம் 2006இல் நீக்கியது. அவ்வாண்டு இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டத்தின்கீழ், 2014இல் காடர்கள் சமுதாய வன உரிமை பெற்றனர். அணை இன்னும் எழவில்லை. முன்பு கேட்கப்படாத குரலுக்குச் சட்டம் ஓர் இடம் தந்ததன் பயன் இது.

கலந்தாய்வு வேறு, இசைவு வேறு. முடிவு செய்தபின் கருத்துக் கேட்பது அறிவிப்பே ஆகும். ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை இருந்தால்தான் ‘சரி’ என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டு. 2007ஆம் ஆண்டு ஐ.நா. பிரகடனம் வற்புறுத்துவதும் தடையற்ற, முன்கூட்டிய, விவரமறிந்த இசைவையே. இந்தியாவும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. அணைக்கன்று, சுரங்கத்துக்கே ஆயினும், ஒடிசாவின் நியமகிரியில் 2013இல் பன்னிரண்டு கிராம சபைகளும் ‘வேண்டாம்’ என்றன, அச்சொல் நின்றது.

தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. ஆதலின் பட்டியல் பகுதிகளின் கிராம சபைகளுக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த உரிமைகள் இம்மாநிலத்து மலைக்குடிகளை எட்டவில்லை. வன உரிமைச் சட்டமே அவர்களின் ஊன்றுகோல்.

குறிஞ்சியைப் பாடும் மரபு தமிழுக்குப் பழையது. குறிஞ்சியில் வாழ்வோரிடம், அவர்களுக்கு விளங்கும் மொழியில் திட்டத்தை எடுத்துரைத்து, அவர்கள் விடைக்குக் காத்திருக்கும் மரபு இனித்தான் வலுப்பெற வேண்டும். அருவியைப் பாடும் கவிஞர், அதன் கரையில் வாழ்வோரின் மறுப்பையும் பாடுபொருளாகக் கொள்வாராக.