காணாததை அளக்கக் கற்பித்தல்



நானோ அறிவியல் மாநாடு என்றால், 1959 டிசம்பரில் கால்டெக்கில் ஃபைன்மன் பேசியதில் தொடங்கி, ஃபுல்லரீன், கார்பன் நானோகுழாய், கிராஃபீன் என்று வரிசையாகச் சொல்லி, 2023இல் குவாண்டம் புள்ளிகளுக்குக் கிடைத்த நோபல் பரிசில் முடிப்பது தலைமையுரையின் வழக்கம். அந்த வரிசை உங்கள் எல்லோருடைய முதல் ஸ்லைடிலும் இருக்கும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். நான் பேச வந்தது ஒரே ஒரு விஷயம். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றைப் பற்றி எந்தச் சான்றை வைத்து நாம் பேசுகிறோம்? இதை மட்டும் இளநிலை மாணவர் மூன்றாண்டுக்குள் கற்றுக்கொண்டால் போதும். பயன்பாடுகளை அவர்களே படித்துக்கொள்வார்கள்.

இப்போது என்ன நடக்கிறது? நானோ துகள் என்றால் என்ன என்று இரண்டு மதிப்பெண் வினா வருகிறது. 1 முதல் 100 நானோமீட்டர் என்று எழுதினால் முழு மதிப்பெண். ஏன் 100, 120 ஆனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு அமைதியாகிவிடும். 100 என்பது வசதிக்காக வைத்துக்கொண்ட எல்லை. காட்மியம் செலினைடின் நிறம் மாறுவது சில நானோமீட்டர் அளவில்தான். தங்கத்தின் உருகுநிலை கண்கூடாகக் குறைவதும் 10 நானோமீட்டருக்குக் கீழேதான். ஒவ்வொரு பண்புக்கும் ஓர் அளவு உண்டு, அந்த அளவு ஏன் வருகிறது என்பதில்தான் இயற்பியல் இருக்கிறது. வரையறையை மனப்பாடம் செய்த மாணவருக்கு அது தெரியாமலே போய்விடுகிறது.

தலைமுடியை எண்பதாயிரமாகப் பிளந்தால் என்று தொடங்கும் உவமையும் அப்படித்தான். கேட்க நன்றாக இருக்கும், அதை வைத்து ஒரு கணக்கும் போட முடியாது. அதைவிட, பக்கத்துக்கு 1 சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தைக் கரும்பலகையில் வரையுங்கள். மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 1 நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் 10^21 துண்டுகள் கிடைக்கும். மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் 148 சென்ட், கிட்டத்தட்ட ஒன்றரை ஏக்கர். நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்வார்கள். வினையூக்கி ஏன் பொடியாக இருக்க வேண்டும் என்று அதன் பிறகு நாம் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து அளவீடு. கருவி இல்லை, அதனால் கற்பிக்க முடியவில்லை என்பது நம் எல்லோரின் புலம்பல். ஆனால் கருவியே இல்லாமல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டன் கிளாபம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றினார். அது சுமார் அரை ஏக்கர் பரவி நீரை அமைதிப்படுத்தியது. 1774இல் ராயல் சொசைட்டி இதழில் அதைப் பதிவு செய்தார். தடிமனைக் கணக்கிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நாம் கணக்கிடலாம்: 5 மில்லிலிட்டரை 2,000 சதுர மீட்டரால் வகுத்தால் 2.5 நானோமீட்டர். நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1890இல், ராலே பிரபு ஆலிவ் எண்ணெயை வைத்து இந்த அளவீட்டை முறையாகச் செய்தார்.

அந்தச் சமயத்தில் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்ற பெண், வீட்டில் பெற்றோரைக் கவனித்துக்கொண்டே இதே வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்தார். பெண் என்பதால் பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை. தகரத் தொட்டி ஒன்று, நீரின் மேல் நகர்த்த ஒரு தகரப் பட்டை, இழுவிசையை அளக்க ஒரு சிறிய தராசு, இவ்வளவுதான் அவருடைய ஆய்வகம். 1891இல் ராலேவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ராலே அதை 'நேச்சர்' இதழுக்கு அனுப்ப, அது அச்சேறியது. 1932இல் நோபல் பரிசு பெற்ற லாங்முயர் கையாண்ட தொட்டி, அடிப்படையில் இந்தத் தகரத் தொட்டியின் வாரிசுதான். நிதி ஒதுக்கீடு கேட்டு நாம் எழுதும் கடிதங்களுக்கு நடுவே இந்தக் கடிதத்தையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

எண்ணெய்ப் படலத்தின் தடிமனை அளக்கும் இந்தச் சோதனையை வகுப்பில் ஒரு பிற்பகலில் செய்துவிடலாம். அகலமான தட்டில் நீர் ஊற்றி, அதன் மேல் லைகோபோடியம் பொடியோ, கிடைக்காவிட்டால் டால்கம் பவுடரோ மெல்லத் தூவுங்கள். ஓலியிக் அமிலத்தை ஆல்கஹாலில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கரைத்து ஒரு சொட்டு விடுங்கள். ஆல்கஹால் நீரில் கலந்துவிடும், அமிலம் பொடியை விலக்கிக்கொண்டு வட்டமாகப் பரவும். சொட்டின் அளவு 0.05 மில்லிலிட்டர், வட்டத்தின் விட்டம் 18 சென்டிமீட்டர் என்றால் தடிமன் 2 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விடை எல்லோருக்கும் ஒன்றுபோல வராது. ஒருவர் சொட்டை அளவு பார்க்காமல் விட்டிருப்பார், இன்னொருவர் பொடியைக் கனமாகத் தூவியிருப்பார். ஏன் வேறுபட்டது என்று ரெக்கார்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்து மேசையைப் பார்த்து விடையைத் திருத்திக்கொள்பவர்களிடம் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள்.

இனி நான் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கலாம். நம் கல்லூரிகளில் இறுதியாண்டு நானோ புராஜெக்ட் என்றால் பெரும்பாலும் எது? வேப்பிலையோ துளசியோ ஏதோ ஒரு இலைச்சாறு, அதோடு சில்வர் நைட்ரேட். கரைசல் மஞ்சளாகிப் பிறகு பழுப்பாகும். புற ஊதா-கட்புல நிறமாலையில் 400க்கும் 450க்கும் இடையே ஒரு முகடு. வெளியே அனுப்பி வாங்கிய எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் ஒன்று. பாக்டீரியா வளராத வளையத்தோடு ஒரு பெட்ரி தட்டின் புகைப்படம். பைண்டிங் முடிந்தால் புராஜெக்டும் முடிந்தது.

இந்தப் பரிசோதனை எளிது, மலிவு, நிறம் மாறுவதைப் பார்க்க அழகு. அது தொடரட்டும். ஆனால் வாய்மொழித் தேர்வில் நான்கு கேள்விகள் கேளுங்கள். வெள்ளி சேர்க்காமல் இலைச்சாற்றை மட்டும் அதே நேரம் சூடாக்கினால் அது பழுப்பாகாதா? பாக்டீரியாவைக் கொன்றது துகளா, கரைசலில் மீதமிருந்த வெள்ளி அயனியா? அதே அளவு வெள்ளி கொண்ட சில்வர் நைட்ரேட்டைத் தனியாக வைத்துப் பார்த்தீர்களா? எக்ஸ்-கதிர் முகட்டின் அகலத்திலிருந்து ஷெரர் சூத்திரம் தருவது படிகத்தின் அளவு, துகளின் அளவும் அதுதான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? கன்ட்ரோல் வைக்காத புராஜெக்டில் இவற்றுக்குப் பதில் இருக்காது. மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை, நாம் கேட்காததால் அவர்கள் வைக்கவில்லை. கன்ட்ரோல் சோதனைக்குக் கூடுதல் செலவு இரண்டு சோதனைக் குழாய்கள்தான். மீந்த வெள்ளிக் கரைசலைத் தொட்டியில் கொட்டாமல் தனிக் கலனில் சேர்க்கவும் அப்போதே பழக்கிவிடுங்கள்.

நுண்ணோக்கி இல்லாமலே சரியாக வாதிட்டவர் ஃபாரடே. 1857இல் தங்கக் கரைசல்களின் மாணிக்கச் சிவப்பைப் பற்றி அவர் ஆற்றிய உரையை நம் பாடத்தில் சேர்க்கலாம். அந்தத் துகள்களை அவர் பார்க்கவில்லை. கரைசலுக்குள் செலுத்திய ஒளி கூம்பாகச் சிதறுவதையும், உப்புச் சேர்த்தால் சிவப்பு நீலமாவதையும் கவனித்து, தங்கம் மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்திருக்கிறது என்றார். சிட்ரேட்டைக் கொண்டு தங்கத் துகள் செய்யும் டர்கெவிச் முறை 1951இலிருந்து இருக்கிறது. 20 மில்லிலிட்டர் செய்தால் ஒரு வகுப்புக்குப் போதும். லேசர் சுட்டியும் ஒரு சிட்டிகை உப்பும் இருந்தால் ஃபாரடேயின் வாதத்தை மாணவர்கள் தாங்களே சொல்லிப் பார்க்கலாம்.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1989இல் ஐபிஎம் ஆய்வகத்தில் 35 செனான் அணுக்களால் எழுதிய எழுத்துகளை எல்லா வகுப்பிலும் காட்டுகிறோம். அது புகைப்படமல்ல. அதை எடுத்த நுண்ணோக்கியின் ஊசிமுனைக்கும் பரப்புக்கும் இடையே பாயும் மின்னோட்டம், இடைவெளி 0.1 நானோமீட்டர் மாறினாலே ஏறத்தாழ பத்து மடங்கு மாறும். அந்த எண்களைக் கணினி மேடுபள்ளமாக்கி நிறம் தீட்டுகிறது. இதைச் சொல்லாவிட்டால், அணு ஏன் சார் நீல நிறத்தில் இருக்கிறது என்று யாராவது கேட்பார்கள். கேட்பவர் நல்ல மாணவர்.

கீழடியையும் தொட்டுச் செல்கிறேன், கேள்வி நேரத்தில் எப்படியும் வரும். அங்கே கிடைத்த பானை ஓடுகளின் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக 2020இல் 'சயின்டிபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. பெருமைப்படலாம். ஆனால் நம் முன்னோருக்கு நானோ தொழில்நுட்பம் தெரியும் என்று அதிலிருந்து ஒருவர் முடிவுக்கு வந்தால், ஆசிரியர் அங்கே குறுக்கிட வேண்டும். சூளையின் வெப்பத்தில் ஒன்று உருவாவது வேறு, அது இன்னதென்று அறிந்து செய்வது வேறு. எந்தக் கருவி எதைக் காட்டியது என்று அந்தக் கட்டுரையையே வகுப்பில் படிக்க வைக்கலாம்.

இளநிலையில் நானோவுக்கென்று தனிப் பட்டம் வேண்டுமா என்பதில் என் கருத்து, வேண்டாம் என்பதே. இயற்பியல், வேதியியல், உயிரியல் துறைகள் ஒரு பருவத்துக்காவது ஒரே ஆய்வகத்தைப் பகிர்ந்துகொள்ளட்டும். எந்தத் துறையின் பணிச்சுமையில் அந்த மணிநேரங்களைச் சேர்ப்பது என்ற சண்டை வரும், அதற்குப் பயந்து திட்டத்தைக் கைவிடக் கூடாது. கணினி இருந்தால் பர்டியூ பல்கலைக்கழகத்தின் நானோஹப் தளத்தில் உருவகப்படுத்தும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

முதல் அமர்வில் கட்டுரை படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் முன்வைக்கும் ஒவ்வொரு செய்முறைக்கும் ஆகும் செலவு, பிடிக்கும் நேரம், வைக்க வேண்டிய கன்ட்ரோல் ஆகிய மூன்றையும் சொல்லுங்கள். தேநீர் இடைவேளையில் அவற்றை ஒரே தாளில் தொகுத்து, மாலையில் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களிடம் கொடுத்துவிடலாம். மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.