களப்பயணத்துக்கு வராத மாணவி

(ஜனவரி 26 அன்று கொடியேற்றத்துக்குப் பிறகு, கல்லூரியில் ஜியாலஜி கற்பித்து ஓய்வு பெற்ற நம் குடியிருப்புவாசி ஒருவர் கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம்.)

வெளியே பொங்கலும் வடையும் ஆறிக்கொண்டிருக்கின்றன. சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

நான் ஜியாலஜி வாத்தியார் என்று லிஃப்டில் யாரிடமாவது சொன்னால், "ஜியாக்ரஃபியா சார்?" என்று கேட்பார்கள். ஜூவாலஜியா என்று கேட்டவர்களும் உண்டு. இத்தனைக்கும் நாம் இருப்பது இந்தப் பாடத்துக்குப் பேர்போன இடத்துக்குப் பக்கத்தில்தான். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில். அங்கேயும் பரங்கிமலையிலும் இருக்கிற பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். உலகம் முழுக்க ஜியாலஜி புத்தகங்களில் அந்தப் பெயர் உண்டு. ஆனால் செங்கல்பட்டுப் பக்கம் தலைமுறையாகக் கல் உடைத்தவர்களின் பிள்ளைகள், அந்தக் கல்லைப் படிக்கக் கல்லூரிக்கு வருவது அபூர்வம்.

அப்படி வந்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா கல் குவாரித் தொழிலாளி. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவள். இரண்டாம் ஆண்டில் எல்லோரும் களப்பயணம் போனோம். சேலத்தில் மேக்னசைட், அரியலூரில் சுண்ணாம்புக்கல்லும் புதைபடிவங்களும், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி. அந்தப் பெண் வரவில்லை. மாமா வீட்டில் கல்யாணம் என்றாள். பிறகுதான் தெரிந்தது, கல்யாணம் எதுவும் இல்லை. பஸ்ஸுக்கும் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கட்ட வேண்டிய பணம் இல்லை. தோழிகளின் நோட்டைப் பார்த்து, பார்க்காத மேக்னசைட்டைப் பற்றிப் பத்துப் பக்கம் அழகான கையெழுத்தில் எழுதித் தந்தாள். நானும் மதிப்பெண் போட்டேன். ஏன் வரவில்லை என்று முன்பே தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

"அரசாங்கம்தான் எல்லாம் தருகிறதே" என்பீர்கள். தருகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அரசுக் கலைக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். அந்த ஆயிரம் பெரும்பாலும் வீட்டுச் செலவுக்கும் பஸ் கட்டணத்துக்கும் கரைந்துவிடும். 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் கட்டணம் முழுவதையும் அரசு ஏற்பது பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளுக்கு, பி.எஸ்சி. ஜியாலஜிக்கு அல்ல. மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய், ஜியாலஜிக்கும் உண்டு. ஆனால் பிளஸ் டூவில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வர வேண்டும். அந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளையை எந்த வீட்டில் ஜியாலஜிக்கு அனுப்புகிறார்கள்? ஓ.என்.ஜி.சி. 48,000 ரூபாய் தருகிறது, அது எம்.எஸ்சி.க்குப் போன பிறகு. இடையில் நிற்கிற அந்த மூன்று வருடம்தான் பள்ளம்.

இது நம் ஊர்க் குறை மட்டும் அல்ல. அமெரிக்காவில் புவி அறிவியலில் முனைவர் பட்டம் பெறுகிறவர்களில் சிறுபான்மையினரின் பங்கு நாற்பது ஆண்டுகளாக முன்னேறவே இல்லை என்று 2018-ல் நேச்சர் ஜியோசயன்ஸ் இதழ் எழுதியது.

நமக்கு என்ன வந்தது என்றால், தண்ணீர். கோடையில் ஒரு நாளைக்கு எத்தனை லாரி வருகிறது என்று செக்யூரிட்டி ரிஜிஸ்டரைப் பாருங்கள். தெற்கே எங்கோ ஒரு கிராமத்துக் கிணற்றிலிருந்து வருகிற தண்ணீர் அது. அந்தக் கிணறு எந்த வருடம் உப்பானது, எத்தனை அடி இறங்கியது என்று அங்கே வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும். அந்தப் பிள்ளை நிலத்தடி நீர் படித்து வந்தால், நம் போர்வெல்லைப் பற்றி நமக்கே சொல்லித் தருவான்.

நான் கேட்பது பெரிய ஸ்காலர்ஷிப் இல்லை. களப்பயணச் செலவு, ஒரு நல்ல ஷூ, சுத்தியல், கை லென்ஸ். என் கணக்கில் ஒரு மாணவருக்கு வருடத்துக்கு ஏழாயிரம் ரூபாய் போதும். முதல் வருடம் ஆறு பேர். மெயின்டனன்ஸ் பணத்தில் ஒரு ரூபாயும் தொட வேண்டாம், பொதுக்குழுவில் சண்டை வரும். பழைய பேப்பர் விற்ற பணமும் தீபாவளி ஸ்டால் வாடகையும் இருக்கின்றன. மீதிக்கு விருப்பமுள்ளவர்கள் தரலாம்.

இரண்டு நிபந்தனைகள். பணம் பயணத்துக்கு முன்பே கல்லூரித் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். பில் கொண்டுவா, பிறகு தருகிறோம் என்றால் கையில் காசில்லாத பிள்ளை மறுபடியும் கல்யாணம் என்று சொல்லிவிடும். இரண்டாவது, பெரிய அட்டையில் செக் எழுதி மேடையில் நிறுத்திப் போட்டோ எடுக்கக் கூடாது. யாருக்குக் கொடுத்தோம் என்று நமக்கே தெரிய வேண்டியதில்லை. துறைத் தலைவருக்குத் தெரிந்தால் போதும்.

நம் ஹவுஸ்கீப்பிங் அம்மாக்களின் பிள்ளைகளுக்கு முதலில் செய்யலாமே என்று செயலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. அவர்களுக்கான பள்ளிக் கட்டண உதவி அப்படியே தொடரட்டும். இதற்காக அதில் கை வைக்க வேண்டாம். அவர்களில் யாராவது இந்தப் படிப்புக்குப் போனால் முதல் இடம் அவர்களுக்கு.

ஆபீஸில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இப்போது பணம் வேண்டாம், பெயரும் ஃபிளாட் எண்ணும் எழுதினால் போதும். வடை இன்னும் சூடாக இருக்கும் என்று நினைக்கிறேன். வாருங்கள்.