தலைவரின் மறைவும் ஜனநாயகத்தின் வளர்ச்சியும்



1964-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் பண்டித நேரு காலமானார். விடுதலை பெற்ற நாள் முதல் அவர் ஒருவரே நம் பிரதமராக இருந்தார். நமது அரசியல் சட்டத்திற்கு அப்போது வயது 14. நாம் கண்ட பொதுத் தேர்தல்களோ மூன்றே. 'நேருவுக்குப் பின் யார்?' என்று உலகமே வினவியது.

நிகழ்ந்தது யாது? அன்றே குல்சாரிலால் நந்தா தற்காலிகப் பிரதமராகப் பொறுப்பேற்றார். காங்கிரஸ் தலைவர் காமராஜர் பலரையும் கலந்து கருத்தறிந்தார். லால் பகதூர் சாஸ்திரி ஜூன் 9-இல் பதவியேற்றார். 1966 ஜனவரி 11-இல் தாஷ்கண்டில் சாஸ்திரியும் மறைந்தார். இம்முறை போட்டி எழுந்தது. கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்கள் வாக்களித்தனர். இந்திரா காந்தி ஜனவரி 24-இல் பிரதமரானார். எங்கும் ஒழுங்கு குலையவில்லை.

அண்டை நாடாகிய பாகிஸ்தானில் ஜின்னா 1948-இல் மறைந்தார். பிரதமர் லியாகத் அலி கான் 1951-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே அரசியல் சட்டமே 1956-இல்தான் வந்தது. நாடு தழுவிய நேரடித் தேர்தல் நடைபெறுமுன்னரே, 1958-இல் இராணுவ ஆட்சி வந்துவிட்டது. வேறு காரணங்களும் உண்டு. எனினும், தலைவர் இருக்கும்போதே நெறிமுறைகள் வேரூன்ற வேண்டும் என்பதை இது காட்டுகிறது. ஏரிக்கரையைப் பலப்படுத்தும் காலம் கோடையே. வெள்ளம் வந்தபின் மண் சுமந்து பயனில்லை.

இஃது ஊராட்சிக்கும் பொருந்தும். 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், பஞ்சாயத்தின் பதவிக்காலம் ஐந்தாண்டு என்றும், அது முடியுமுன் தேர்தல் வேண்டும் என்றும் விதித்தது. ஆயினும் தமிழகத்தின் பெரும்பாலான கிராமப் பஞ்சாயத்துகள் 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பரில் தேர்தல் நடக்கும்வரை தனி அலுவலர் பொறுப்பிலேயே இருந்தன. சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அதைக் கேட்டுப் பெறும் மக்களும் வேண்டும்.

நம் ஊரில் வரவு செலவைத் தலைவர் ஒருவரே அறிவார். மற்றவர் கையொப்பமிடுவதோடு நிற்பர் என்றால், அவர் விலகும் நாளில் குடிநீரும் தெருவிளக்கும் தடுமாறும். ஆகவே கணக்கைக் கிராம சபையில் படிப்போம். தீர்மானப் புத்தகத்தை அங்கத்தினர் அனைவரும் அறியச் செய்வோம். துணைத் தலைவரும் பெண் உறுப்பினரும் இளைஞரும் பொறுப்பேற்றுப் பழகட்டும். நல்ல தலைவரை நாம் போற்றும் முறை இதுவேயாகும்.